அரசனை நம்பிய கடைவீதி

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று முன்னோர் சொல்லிவைத்தார்கள். ஒரு வீட்டைக் கட்டுபவனுக்கே அவ்வளவு தொல்லை காத்திருக்கிறதென்றால், ஓர் ஊரின் நடுவையே இடித்துக் கட்டப் புறப்படுபவர்கள் எத்தனை முறை கணக்குப் பார்க்க வேண்டும்! அந்தக் கணக்குப் பிழைத்தால் பாரம் யார் தலையில் விழும்? இதற்கு விடை தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. தென் லண்டனில் குரொய்டன் கடைவீதியில் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும்.

குரொய்டன் நம்மவருக்குப் புதிய ஊரன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்நாட்டுக்கு வந்த தமிழர் பலருக்கு, விமான நிலையத்துக்கு அடுத்தபடியாக மனத்தில் பதிந்த கட்டடம் அங்குள்ள லூனார் ஹவுஸ்தான். மனிதன் சந்திரனில் கால் வைத்த காலத்தில் எழுந்ததால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அந்த இருபது மாடிக் குடிவரவு அலுவலகத்தின் வாசலில் கடவுச்சீட்டும் கையுமாக, குளிரில் நடுங்கியபடி வரிசையில் நின்றவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். அவர்களிற் பலர் பின்னர் தோன்டன் ஹீத், நோர்பரி, மேற்குக் குரொய்டன் வீதிகளிலேயே வீடு வாங்கினார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். ஆகவே அந்த ஊருக்கு வரும் நன்மையும் தீமையும் நம்மவர் வீட்டு வாசலுக்கும் வருவனவே.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி குரொய்டனின் சனத்தொகை ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம். லண்டன் நகரப் பிரிவுகளுள் ஆகக் கூடிய மக்கள் வாழ்வது அங்கேதான். 2000, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் ‘நகரம்’ என்ற அரச அந்தஸ்தைக் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. குங்குமப்பூப் பள்ளத்தாக்கு என்பதே குரொய்டன் என்ற பெயரின் பொருள் என்று அறிஞர் பலர் கொள்வர். மங்கலமான பெயர்தான். ஆனால் அதன் நடுவீதியில் இன்று மங்கலம் குறைந்திருப்பது கண்கூடு.

பழைய காய்ச்சல்

இடித்துக் கட்டும் ஆசை அந்த ஊருக்குப் புதிதன்று. 1956இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குரொய்டன் மாநகராட்சிச் சட்டம், காணிகளை எடுத்து ஊரின் நடுவை மாற்றியமைக்கும் அதிகாரத்தை நகரசபைக்குக் கொடுத்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஊரின் தோற்றமே மாறிவிட்டது. வெலஸ்லி வீதி அகன்றது. மேம்பாலமும் சுரங்கப்பாதையும் வந்தன. கண்ணாடியும் சீமெந்துமான அலுவலகக் கோபுரங்கள் வரிசையாய் எழுந்தன. 1962இல் ஃபெயர்ஃபீல்ட் மண்டபம் திறந்தது. வேறிடம் சென்ற பாடசாலையொன்றின் காணியில் எழுந்த விட்கிஃப்ட் கடைத்தொகுதி 1970இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அக்காணி இன்றும் விட்கிஃப்ட் அறநிலையத்துக்கே உரியது. அதே விட்கிஃப்ட் பேராயர் 1596இல் ஏழை முதியோருக்காகத் தொடங்கிய தருமசாலை இன்றும் அக்கடைவீதியின் மூலையில் நிற்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் தருமசாலைக்கு எதிரில், ஐம்பது ஆண்டுகளே கண்ட கடைத்தொகுதி தளர்ந்துபோய் நிற்பதைப் பார்ப்பவர்கள், எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை என்று சற்றே சிந்திக்கலாம்.

அலுவலகங்கள் இருந்தவரை ஊரும் இருந்தது. மதிய உணவு வேளையில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வீதிக்கு வந்தார்கள், கடைகள் நிறைந்தன. ஆனால் பெரிய நிறுவனங்களை மட்டும் நம்பிய ஊர், அவை எழுந்து போனால் வெறிச்சோடும். 1862இல் தொடங்கிய ஒல்டேர்ஸ் என்ற பெருங்கடையின் குழுமம் 2005இல் வீழ்ந்தது. சில ஆண்டுகளின் பின் குரொய்டன் கடையும் மூடப்பட்டது. 2011 ஆகஸ்ட் கலவரத்தில், 1867 முதல் நடந்துவந்த ரீவ்ஸ் தளபாடக் கடையின் கட்டடம் எரிந்து சாம்பலானதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2012இல் நெஸ்லே நிறுவனம் தன் 24 மாடிக் கட்டடத்தை விட்டு வேறிடம் சென்றது. ஊர் நலிந்து கிடந்தது. நலிந்தவனுக்கு யார் மருந்து என்று எதைக் காட்டினாலும் அதைக் குடிக்கத் தோன்றும்.

மேசையில் படுத்த நோயாளி

அந்த வேளையில்தான் வெஸ்ட்ஃபீல்ட் என்ற பெயர் வந்தது. 2008இல் மேற்கு லண்டனிலும், 2011இல் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் மாபெரும் கடைத்தொகுதிகளைத் திறந்து வெற்றி கண்ட நிறுவனம் அது. 2013 ஜனவரியில் அதுவும் ஹமர்சன் என்ற நிறுவனமும் கைகோத்தன. விட்கிஃப்ட் கடைத்தொகுதியின் பெரும்பகுதியை இடித்து, கடைகளும் வீடுகளும் களியாட்ட இடங்களுமாகப் புதிதாய்க் கட்டப்போவதாக அறிவித்தன. முதலில் ஒரு பில்லியன் பவுண் என்ற மதிப்பு பின்னர் 1.4 பில்லியனாக உயர்ந்தது. 2013 நவம்பரில் நகரசபை ஒப்புதல் கொடுத்தது. காணிகளைக் கட்டாயமாகச் சுவீகரிக்கும் உத்தரவை 2015 செப்டெம்பரில் அமைச்சர் உறுதிசெய்தார். 2017இல் திறக்கும் என்றார்கள். 2017 வந்தபோது திட்டத்தையே திருத்தி, மறுபடி ஒப்புதல் பெற்றார்கள். அதற்குள் வெஸ்ட்ஃபீல்ட் பிரெஞ்சு நிறுவனமொன்றின் கைக்கு மாறியது, மக்கள் வீட்டிலிருந்தே பொருள் வாங்கப் பழகினார்கள், பெருந்தொற்றும் வந்தது. 2023இல் ஹமர்சன் தன் பங்கைக் கூட்டாளிக்கே விற்றுவிட்டு விலகியது. பழைய திட்டம் கைவிடப்பட்டு, வீடுகளும் கடைகளும் கலந்த வேறொரு திட்டத்துக்கான பேச்சு தொடங்கியது.

ஒரு கல்லும் எழவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, சத்திரசிகிச்சை மேசையில் படுக்கவைத்துவிட்டு, கத்தி பிடிக்க வேண்டியவர் வராமலே போனால் என்ன ஆகும்? நோயும் தீராது, மயக்கமே ஆபத்தாகும். குரொய்டனுக்கு நேர்ந்தது அதுதான். இன்று இடிப்பார்களா நாளை இடிப்பார்களா என்று தெரியாத கட்டடத்தில் எந்த வியாபாரி பத்தாண்டுக் குத்தகை எடுப்பான்? எந்த உரிமையாளன் கூரைக்குப் பணம் செலவிடுவான்? ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்கு வருவோர் குறைவர். அதுவும் மூடினால் வீதிக்கே வருவோர் குறைவர். இரத்த ஓட்டம் குறைந்த கால் விரல் விரலாகக் கறுத்துப் போவதைக் கண்ட வைத்தியர்களுக்கு இது புதிய காட்சியன்று.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்று ஒரு பழமொழி உண்டு. பெருநிறுவனம் என்ற அரசன் வருவான் என்று பத்தாண்டு காத்திருந்த ஊர், கையிலிருந்த சிறு வியாபாரிகளைக் கைநழுவ விட்டது. இதில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நீதியன்று. இலாபம் தெரியாத இடத்தில் முதல் போடாமல் இருப்பது வியாபாரியின் தொழில். கேட்க வேண்டிய கேள்வி நகரசபைக்கு உரியது: வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாற்று ஏற்பாடு ஏன் இருக்கவில்லை?

கடனில் எழுந்த கனவு

நகரசபையோ காத்திருந்த காலத்தில் தானே வியாபாரியாக மாறியது. வீடு கட்டுவதற்கென்று சொந்தமாக ‘பிரிக் பை பிரிக்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கு ஏறக்குறைய 200 மில்லியன் பவுண் கடன் கொடுத்தது. 2018இல் ஒரு ஹோட்டலை ஏறக்குறைய 30 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அதை நடத்தியவர்கள் 2020இல் வீழ்ந்தார்கள்; ஹோட்டல் பின்னர் வாங்கிய விலையிலும் குறைவாகவே விற்கப்பட்டது. இசைக்குப் பெயர்போன ஃபெயர்ஃபீல்ட் மண்டபத்தைப் புதுப்பிக்க ஏறக்குறைய 30 மில்லியன் என்று போட்ட மதிப்பு, வேலை முடிந்தபோது அதன் இரட்டிப்பையும் தாண்டியிருந்தது. 2020 ஒக்டோபரில் கணக்காய்வாளர்கள் பொதுநல அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். கொடுத்த கடனுக்கு நகரசபை எதிர்பார்த்த வருமானம் வந்து சேரவில்லை என்பதும், எச்சரிக்கைகளைக் காண வேண்டியவர்கள் காணாமல் இருந்துவிட்டார்கள் என்பதும் அதன் சாரம். அடுத்த மாதமே, 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று நகரசபை அறிவித்தது. 2022 நவம்பரில் மறுபடியும் அதே அறிவித்தல் வந்தது.

அப்போது கடன் 1.5 பில்லியன் பவுண் அளவில் இருந்தது. இந்தத் தொகையை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆனால் அதன் விளைவை நினைப்பது கடினமன்று. 2023 ஏப்ரலில் குரொய்டனில் நகரசபை வரி 15 வீதம் ஏறியது. 2024இல் நான்கு கிளை நூலகங்களை மூட முடிவாயிற்று. ஹோட்டல் வாங்கச் சொன்னவர் எவரும் அந்த நூலகங்களில் ஓய்வூதிய நேரத்தைக் கழித்தவர் அல்லர். படிக்க இடமில்லாத சிறு வீட்டுப் பிள்ளைகளும், குளிர்காலத்தில் சூடான ஓர் இடம் தேடிய முதியவர்களும்தான் அங்கே போனார்கள்.

குரொய்டன் மட்டும் தனியே தடுமாறவில்லை. தென்மேற்கே உள்ள வோக்கிங் நகரில், சிறியதொரு நகரசபை வானளாவிய விக்டோரியா சதுக்கத்துக்கும் பிற திட்டங்களுக்கும் கடன்பட்டு, 2023 ஜூனில் இதே அறிவித்தலை விடுத்தது. ஆண்டுக்குச் செலவிட 16 மில்லியன் பவுணே கையில் உள்ள சபைக்கு 1.2 பில்லியன் பற்றாக்குறை வந்தது. நொட்டிங்ஹாமில் புரோட்மார்ஷ் கடைத்தொகுதியை அரைவாசி இடித்திருந்த வேளையில் அதை நடத்திய இன்டு நிறுவனம் 2020 ஜூனில் வீழ்ந்தது; ஊரின் நடுவில் இடிந்த கட்டடமே மிஞ்சியது. யாழ்ப்பாணத்திலும் இதன் சாயல் உண்டு. இந்திய அரசின் நன்கொடையில் எழுந்த பெரிய கலாசார மையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டபோது, அதை நடத்தும் செலவை மாநகரசபை எப்படித் தாங்கும் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. கட்டடத்தைக் கட்டுவது ஒரு நாள் விழா. அதைப் பராமரிப்பது ஆயுட்காலச் செலவு.

மாடிகளும் மனிதர்களும்

கடைகள் எழாத ஊரில் வீட்டுக் கோபுரங்கள் எழுந்தன. 43 மாடி சஃப்ரன் சதுக்கமும், ஆலையில் செய்த அறைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 44 மாடியாக எழுப்பிய டென் டிகிரீஸ் கட்டடமும் இன்று ஊரின் அடையாளங்கள். பின்னையதில் மட்டும் 546 வாடகை வீடுகள். வீட்டுக்குத் தவிக்கும் நாட்டில் வீடு எழுவது நல்லதே. இதை மறுப்பவர் இளந்தம்பதியரின் வாடகைச் சுமையை அறியாதவர். மாடி வாழ்க்கையே நோய் தரும் என்று சொல்வதும் தவறு. சிங்கப்பூரில் குடியிருப்பாளருள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். ஆனால் அங்கே கீழ்த்தளம் மக்கள் கூடும் வெளியாக விடப்பட்டது. நடக்கும் தூரத்தில் உணவங்காடி, மருந்தகம், பாடசாலை என்று சேர்த்தே திட்டமிட்டார்கள். வீட்டோடு ஊரையும் கட்டினார்கள்.

இங்கே நடந்தது வேறு. 2013 மேயில் வெறுமையான அலுவலகங்களை முழுத் திட்ட அனுமதியின்றி வீடுகளாக மாற்ற அரசு வழிவிட்டது. அலுவலகங்கள் நிறைந்த குரொய்டனில் அது வெள்ளமாய்ப் பாய்ந்தது. 2020இல் அரசே வெளியிட்ட, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரின் ஆய்வு என்ன சொல்லிற்று? நாட்டின் பல பகுதிகளிலும் இவ்வழியில் வந்த வீடுகளில் 22 வீதம் மட்டுமே தேசிய இட அளவைக் கொண்டிருந்தன. முறையான அனுமதியோடு வந்தவற்றில் அது 73 வீதம். ஒரு ஆளுக்கான வீடு குறைந்தது 37 சதுர மீற்றர் இருக்க வேண்டும் என்பதே அந்த அளவு. வாழும் அறைக்குப் போதிய இயற்கை வெளிச்சம் வேண்டும் என்ற விதி 2020 ஆகஸ்டிலும், இந்த இட அளவு கட்டாயம் என்ற விதி 2021 ஏப்ரலிலுமே வந்தன. அதற்கு முன் கட்டியவை கட்டியவைதான். அவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன.

இதில் வைத்தியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்நாட்டு மங்கிய வெயிலில் வைட்டமின் ‘டி’ குறைவது எளிது. வெளிச்சமற்ற அறையில் நாளெல்லாம் இருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் அது இன்னும் குறையும். நீரிழிவு தெற்காசியரை ஐரோப்பியரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாகத் தாக்குகிறது, அதுவும் இளவயதிலேயே. அதற்கு முதல் மருந்து நடை. பாதுகாப்பான பாதையும், இடையிடையே உட்கார வாங்கும், பொதுக் கழிப்பறையும் இல்லாத ஊரில் முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மா எங்கே நடப்பார்? தண்ணீர் மாத்திரை உட்கொள்ளும் ஐயா, கழிப்பறை இல்லாத கடைவீதிக்கு எப்படிப் போவார்? மின்தூக்கி இரண்டு நாள் பழுதானால் முப்பதாம் மாடியில் உள்ள முதியவர் சிறைவாசிதான். நகரத்தை வரைபவர்கள் இவற்றைச் சில்லறை விடயம் என்று நினைக்கிறார்கள். வைத்தியசாலையின் அவசர வாசலில் அவை சில்லறை விடயமாய் வந்து சேர்வதில்லை.

ஈரமும் பூஞ்சணமும் வேறொரு துன்பம். தென் நோர்வூட்டில் நகரசபைக்குச் சொந்தமான மாடிவீடுகளில் சுவர் கறுத்து நீர் வடிந்ததை 2021 மார்ச்சில் தொலைக்காட்சி காட்டியபோது நாடே வெட்கப்பட்டது. ரொச்டேலில் 2020 டிசெம்பரில் இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்தான் என்று மரண விசாரணை 2022இல் முடிவு சொன்னது. அவன் பெயரால் வந்த அவாப் சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. நகரசபை, வீடமைப்புச் சங்கம் ஆகியவற்றின் வாடகை வீடுகளில், பாரதூரமான ஈரம் பற்றி முறையிட்டால் பத்து வேலைநாட்களுக்குள் ஆராய வேண்டும். உயிராபத்தான அவசரமாயின் 24 மணித்தியாலத்துக்குள் ஆவன செய்ய வேண்டும். சளியும் இழுப்புமாய்ப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப வைத்தியரிடம் கொண்டு போகும் பெற்றோர், வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவர் குணமாகாமல் சளி குணமாகாது.

வாங்கு முன் கேட்க வேண்டியவை

நம்மவருள் பலர் பிள்ளைகளுக்கென்று, அல்லது முதுமைக்கு ஒரு முதலாக, இப்புதிய மாடிகளில் வீடு வாங்குகிறார்கள். படத்தைப் பார்த்து முற்பணம் கட்டுபவரும் உண்டு. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய் வைக்கு முன், மணமகனைப் பற்றி விசாரிப்பதில் பாதியளவாவது கட்டடத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாமா?

2017 ஜூன் 14ஆம் திகதி கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 உயிர்கள் போயின. அதன்பின் நாடெங்கும் வெளிச்சுவரில் எரியக்கூடிய பலகை பொருத்திய கட்டடங்கள் தெரியவந்தன. குரொய்டனில் சிட்டிஸ்கேப் என்ற 95 வீட்டுத் தொடர்மாடியும் அவற்றுள் ஒன்று. பலகையை மாற்றும் செலவைக் குத்தகை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்று 2018இல் நியாயசபை தீர்த்தது. பின்னர் கட்டிய நிறுவனமே செலவை ஏற்க முன்வந்ததால் அவர்கள் தப்பினார்கள். 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தது 11 மீற்றர் உயரம் அல்லது ஐந்து மாடி கொண்ட கட்டடங்களில் தகுதியுள்ள குத்தகை வீட்டுக்காரருக்கு இவ்விடயத்தில் காப்பளிக்கிறது. எல்லோருக்கும் அக்காப்பு இல்லை. பல வீடுகளை வாடகைக்கு விட வாங்கியவர் தம் நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு, ஐந்தாண்டில் எவ்வளவு ஏறியது? குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம்? 2022 ஜூன் 30க்குப் பின் எழுதிய புதிய குத்தகைகளில் பொதுவாக நிலவாடகை கேட்க முடியாது. பழையதை வாங்கினால் அது எப்படி ஏறும்? வெளிச்சுவர்ச் சான்றிதழ் உண்டா? சூரியன் எந்த யன்னலால் எத்தனை மணிக்கு வரும்? எதிர்க்காணியில் அடுத்த கோபுரம் வர அனுமதி கொடுத்தாயிற்றா? மின்தூக்கி எத்தனை? அருகில் புதிய நோயாளரைச் சேர்க்கும் குடும்ப வைத்தியர் உண்டா? இவற்றைக் கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் கையெழுத்திட்டபின் கண்ணீர் விடுவதில்தான் பயனில்லை.

மக்கள் காத்த சந்தை

எல்லாக் கதையும் சோகக் கதையன்று. கிழக்கு லண்டன் அன்பர்களுக்கு அப்டன் பார்க் குவீன்ஸ் சந்தை தெரியும். வாழைக்காய், முருங்கைக்காய், வெங்காயத்தாள், மீன் என்று ஊர்ச் சந்தையின் வாசனை அங்கே வீசும். அதை இடித்துப் பெருங்கடையும் மாடிவீடுகளும் கட்டத் திட்டம் வந்தபோது, வியாபாரிகளும் வாடிக்கையாளரும் பல இனத்தவராய் ஒன்றுகூடிக் கையெழுத்துச் சேர்த்தார்கள், கூட்டங்களுக்குப் போனார்கள். 2006இல் நியூ எக்கொனொமிக்ஸ் ஃபவுண்டேஷன் செய்த ஆய்வு, அருகிலிருந்த அஸ்டா கடையைவிட அச்சந்தையில் பொருட்கள் சராசரி 53 வீதம் மலிவு என்று காட்டிற்று. அதே ஆண்டு அஸ்டா விலகியது. திருத்திய திட்டத்தில் 31 மாடிக் கோபுரமொன்று சேர்ந்தது. 2009இல் லண்டன் மேயர் அதையும் நிராகரித்தார். சந்தை நின்றது.

குரொய்டனிலும் சறே வீதிச் சந்தை 1276 முதல் உரிமை பெற்ற சந்தை. அலுவலகங்கள் போயின, பெருங்கடைகள் போயின; மரக்கறித் தட்டு மட்டும் போகவில்லை. ஒரு நிறுவனம் விழுந்தால் ஊர் விழும்; நூறு சிறு வியாபாரிகளில் பத்துப் பேர் விழுந்தாலும் தொண்ணூறு பேர் நிற்பார்கள். இனிவரும் திட்டங்களில் இந்த உண்மைக்கு இடம் வேண்டும். ஊரைப் பகுதி பகுதியாகத் திருத்தட்டும். ஒரு பகுதி முடிந்து பயன் தந்தபின் அடுத்ததைத் தொடட்டும். காத்திருக்கும் கட்டடங்களைக் குறைந்த வாடகைக்குச் சிறு வியாபாரிக்கும் கலைஞருக்கும் கொடுக்கட்டும். கோபுரத்துக்கு அனுமதி கொடுக்கும் அதே கையெழுத்தில் வைத்திய நிலையத்துக்கும், கழிப்பறைக்கும், விளையாட்டு வெளிக்கும் கட்டட நிறுவனத்தாரிடம் பணம் அறவிடட்டும்.

இவையெல்லாம் தாமாக நடப்பனவல்ல. கட்டட விண்ணப்பம் வந்தால் பொதுவாக 21 நாட்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதலாம். சரளமான ஆங்கிலம் வேண்டியதில்லை. வெளிச்சம் மறைகிறதா, வாகன நெரிசல் கூடுமா, வைத்திய வசதி போதுமா என்ற நான்கு வரி போதும். “என் வீட்டு விலை குறையும்” என்ற முறைப்பாட்டைச் சபை கணக்கில் எடுக்காது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்நாட்டுக் குடியுரிமை எடுக்காத இலங்கையரும் இந்தியரும்கூட, முறைப்படி இங்கு வசிக்கும் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அந்த உரிமையைப் பதிந்துகூட வைக்காதவர் எத்தனை பேர்! ஊர் நாட்டு அரசியலைத் தேநீரோடு விடிய விடியப் பேசும் அன்பர்கள், தம் வாசலில் எழும் கோபுரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை என்பது சிந்திக்கற்பாலது.

சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. புலம்பெயர்ந்த இடத்தில் கட்டடம் எழுப்பும் ஆசை இயல்பானது. அது மதிக்கத் தக்கது. ஆனால் கட்டுவதற்குச் சேரும் கைகள் கூரை ஒழுகும் காலத்தில் சேர்வதில்லை. எந்தக் கட்டட நிதிக் கூட்டத்திலும் முதலில் வாசிக்க வேண்டியது வரைபடத்தையன்று. பத்தாம் ஆண்டின் மின்சாரம், காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் கணக்கை. எச்சரிக்கை சொல்லும் பொருளாளரைத் துரோகி என்று பார்க்காமல் காவலன் என்று பார்க்கும் சபையே நிலைக்கும். குரொய்டனில் எச்சரிக்கை இல்லாமலில்லை. கேட்க வேண்டிய காதுகள்தான் இல்லை.

பேராயர் ஒருவர் 1596இல் ஏழைக் கிழவருக்கென்று தொடங்கியது இன்றும் ஆட்களோடு நிற்கிறது. அது உயரமான கட்டடமன்று. அங்கே யார் வாழ்வார், அவரை யார் பராமரிப்பார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் கட்டுமுன்னே தீர்த்துவைத்தார்கள். குரொய்டனின் புதிய வரைபடம் மேசைக்கு வரும் நாளில், அதே மூன்று கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு நம்மவர் நாலு பேராவது அந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.